நான் சிட்னியில் இல்லை

நான் பொய் சொன்னேன். நான் சிட்னியில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு கல்யாணத்துக்காகப் பரமட்டாவில் ஓர் இரவு தங்கியதைத் தவிர, அந்த நகரத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

நான் இருப்பது மெல்பேர்னில். ரோவிலில், அம்மாவோடு. மூன்று அறை உள்ள வீடு. மூன்றாவது அறையில் யாரும் படுப்பதில்லை. அதில் அரிசி மூட்டைகள் இருக்கின்றன, யாரும் ஏறாத உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று இருக்கிறது, ஜன்னலோரம் ஒரு கட்டிலும் இருக்கிறது.

அந்தக் கட்டிலில் படுக்க வேண்டியிருந்த ஒரு பெண்ணிடம்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

இதை உங்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஏனென்றால் நீங்கள் என்னைப் பாராட்டியவர்கள்! நம் சங்கத்தின் ஆண்டு மலரில் நான் எழுதிய உஸ்பெகிஸ்தான் பயணக் கட்டுரையை வாசித்தீர்கள். கோவில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரி கண்ணில தண்ணியைக் கொண்டுவந்திட்டுது பிள்ளை” என்றீர்கள்.

அந்தக் கடைசி வரி நினைவிருக்கிறதா? ‘அந்த வீட்டிலிருந்து யாராவது மெல்பேர்னுக்கு வந்தால், என் வீட்டுக் கதவு அவர்களுக்காகத் திறந்தே இருக்கும்.’

நான் அந்த வரியைத் தட்டச்சு செய்த நாளில், அந்த வீட்டுப் பெண் டண்டினொங்கில் இருந்தாள். என் வீட்டு முனையில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில்!

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்களுக்கு நான் எந்தத் தீங்கும் செய்யவில்லை. இன்னொன்று... அந்தக் கட்டுரையில் அந்த நாட்டைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறப்போவதில்லை. எல்லாம் உண்மை. பொய்யாக இருந்தது ஒரே ஒரு வரி. என்னைப் பற்றிய வரி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் திரும்பி வந்த பிறகு, கிரான்பர்னில் ஒரு பிறந்தநாள் விருந்தில், அப்பாவின் பழைய சிநேகிதரான ஓர் அங்கிள் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

“முஸ்லிம் நாட்டுக்குத் தனியப் போட்டு வந்திருக்கிறாய். பயமா இருக்கேல்லையோ?”

“இருந்தது அங்கிள்.”

“பாத்தியே! எப்ப?”

“ரோட்டைக் கடக்கேக்க. ஒருத்தரும் கார் நிப்பாட்டினமில்லை.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கிள் சிரிக்கவில்லை. “பகிடியை விடு. விருந்தாளிக்கு நல்ல முகம் காட்டுவினம். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு உனக்குத் தெரியுமோ?”

தெரியும் அங்கிள். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டின் உள்ளறையில்தான் நான் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தேன்.

புகாராவின் பழைய நகரத்தில், மண்சுவர் ஒழுங்கை ஒன்றின் முடிவில் இருந்தது அந்த வீடு. பயணிகளுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டுக்காரியின் பெயர் ஸுல்ஃபியா. அவருடைய கணவர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் ஒரு மகள், நிலுஃபர். கைத்தொலைபேசியில் பார்த்தே ஆங்கிலம் பழகியவள். எனக்கும் அவளுடைய அம்மாவுக்கும் இடையில் அவள்தான் மொழி.

இரண்டு இரவுகளுக்குத்தான் பதிவு செய்திருந்தேன். இரண்டாம் நாளே வயிறு கெட்டு விழுந்தேன். அடுத்து வரவிருந்த பயணிகளை ஸுல்ஃபியா வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னைத் தன் சொந்த அறைக்கு மாற்றினார். மாதுளம் தோலை அவித்து, அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஏந்தி வந்து, நான் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். சின்ன வயதில் அம்மா எனக்குத் தந்த அதே கசப்பு! நான் முகத்தைச் சுளித்தபோது, அவர் தானும் ஒரு வாய் குடித்து, என்னைவிட மோசமாக முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

அதுதான் அங்கிள், உள்ளே இருந்தது.

மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். ஒரு திரையைக் கண்டால் அதில் என்ன பிழை என்றுதான் முதலில் தேடுவேன். பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. அந்த வீட்டுக்கும் மனதுக்குள் ஒன்று போட்டேன். ஒன்று, குளியலறைக் கதவு சரியாகப் பூட்டாது. இரண்டு, சேவல். மூன்று, தேநீரில் கஞ்சத்தனம்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். சாப்பாடு மலைபோல வரும். தேநீர் மட்டும் கிண்ணத்தில் பாதிக்குக் கீழே. குடித்தவுடன் மறுபடியும் பாதி. கொஞ்சம் தேறியதும் நிலுஃபரிடம் விளையாட்டாகச் சொன்னேன், எங்கள் வீட்டில் அரைக் கோப்பை ஊற்றினால் அம்மா என்னைத் திட்டுவார் என்று.

அவள் சிரித்து உருண்டாள். “ஓபா, நிறைய ஊற்றினால், ‘இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். பாதி ஊற்றினால்தான் மறுபடியும் ஊற்றலாம், நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீர்கள்.”

ஓபா என்றால் அக்கா.

என் பட்டியலிலிருந்து மூன்றாவதை எடுத்துவிட்டேன்.

பதிலுக்கு நானும் அவளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபடி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். ‘போறன்’ என்று சொல்லவே கூடாது என்றேன். அது திரும்பி வராதவர்களின் சொல். ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும். போய்விட்டு வருகிறேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் படலையில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவாள், “போட்டு வாறன்!” பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை ஏதோ பாட்டு என்று நினைத்தார்களாம்.

நான் விடைபெற்ற நாள் வந்தது. வாசலில் வாடகைக் கார் நின்றது. ஸுல்ஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? பல் வைத்தியரிடமிருந்து வெளியே வரும்போதும் நாம் அதைத்தானே சொல்கிறோம்! செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகிறோம்.

“போட்டு வாறன்,” என்றேன்.

நிலுஃபர் பெருமையோடு தாய்க்கு மொழிபெயர்த்தாள். சொல்லுக்குச் சொல். அவள் போகிறாள், வருகிறாள்.

ஸுல்ஃபியாவின் முகம் மாறியது. மகளிடம் ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். அவர் வீட்டுக்குள் ஓடிப்போய், நடுவில் பூ அச்சுக் குத்திய வட்ட ரொட்டி ஒன்றை எடுத்து வந்தார். அன்று காலை சுட்டது. அதை என் வாயருகே நீட்டினார்.

“கடியுங்கள் ஓபா,” என்றாள் நிலுஃபர். “ஒரே ஒரு கடி. மிச்சத்தை அம்மா சுவரில் மாட்டி வைப்பார். நீங்கள் திரும்பி வந்து அதைச் சாப்பிடுவீர்கள். எங்கள் வீட்டு ஆட்கள் தூரம் போகும்போதுதான் இப்படிச் செய்வோம். அப்பாவின் ரொட்டியும் உள்ளே தொங்குகிறது. ‘வருவாளா?’ என்று அம்மா கேட்டார். ‘வருவாள்’ என்று சொன்னேன்.”

கடித்தேன்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சொன்னது ஒரு வழக்கம். அவர்கள் காதில் விழுந்தது ஒரு வாக்கு. அதை நான் திருத்தியிருக்கலாம். ‘இது எங்கள் ஊரில் சும்மா சொல்வது’ என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் வாயில் ரொட்டி இருந்தது... இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லி ஒளிய மாட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு வீட்டின் சுவரில் எனக்காக ஒன்று தொங்கப்போகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான் திரும்பிப் போகவில்லை. முதல் வருடம் விடுமுறை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கிடைத்தது, ஜப்பானுக்குப் போனேன். ஸுல்ஃபியா பெருநாட்களில் மகளின் தொலைபேசியிலிருந்து வாழ்த்து அனுப்புவார். சில வேளைகளில் சுவரில் தொங்கும் ரொட்டியைப் படமெடுத்தும் அனுப்புவார். காய்ந்து, விளிம்பில் என் பல் பதிந்த பிறை வடிவத்தோடு.

பிறகு, ஒரு மதிய இடைவேளையில், அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

‘ஓபா! விசா கிடைத்துவிட்டது! தாதியர் படிப்பு! எந்த நகரம் சொல்லுங்கள்? மெல்பேர்ன்!!! அம்மா முதலில் விடவே இல்லை. பிறகு ரொட்டியைப் பார்த்துவிட்டு, அங்கே அவள் இருக்கிறாள்தானே, போ என்று சொல்லிவிட்டார். முதல் ஒரு மாதம் மட்டும் உங்களோடு தங்கலாமா? நான் நன்றாகச் சமைப்பேன்.’

நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று நினைக்கிறீர்கள்? யோசிக்கவே இல்லை! சோற்றுக் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. இடது கைப் பெருவிரலால் எழுதினேன்.

‘ஐயோ! நான் சிட்னிக்கு மாறிவிட்டேனே! என்ன துரதிர்ஷ்டம்!’

அழுகிற முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன்.

பொய்க்குப் பிறகுதான் காரணங்கள் வந்தன. அழகாக, வரிசையாக வந்தன. அம்மா சம்மதிக்க மாட்டார். எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தால் யார் இந்தப் பெண் என்று கேட்பார்கள். அவள் தொழுவதற்கு இடம் வேண்டும். எங்கள் வீட்டில் சாமியறைக்குப் பக்கத்து அறைதான் காலியாக இருக்கிறது. அங்கிள்மார் கதைப்பார்கள். ஒரு மாதம் என்று வந்தவள் ஒரு வருடம் இருந்தால்?

நல்ல சோதனையாளர் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகத் தட்டிப் பார்ப்பார். தட்டினேன். அம்மாவிடம் நான் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் யாரும் இன்னும் வரவில்லை. தொழுகைக்கு வேண்டியது ஒரு பாய் விரிக்கிற இடம். அந்தச் சைக்கிளை நகர்த்தினால் போதும். அங்கிள்மார் எப்படியும் கதைப்பார்கள்.

அப்படியானால் மிச்சம் என்ன?

மிச்சம் நான். அங்கே நான் விருந்தாளி. விருந்தாளியாக இருப்பவளுக்கு நன்றாகச் சிரிக்கத் தெரிந்தால் போதும். இங்கே நான் கிண்ணம் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும், இன்னொருத்தி குடித்து முடிக்கும் வரை. என் காலை நேரத்தை, என் குளியலறையை, என் அமைதியை ஒருத்திக்குப் பாதியாக ஊற்றிக்கொடுக்க வேண்டும். எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான். மதம் இல்லை, அம்மா இல்லை, சமூகம் இல்லை. சமூகத்தின் மேல் போட்டுவிட்டால் நீங்கள் எல்லாரும் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். போட மாட்டேன்!

நிலுஃபர் வந்தாள். டண்டினொங்கில் ஒரு வீட்டின் கராஜைத் தடுத்துச் செய்த அறையில், முன்பின் தெரியாத மூன்று பெண்களோடு தங்கினாள். குளிர்காலம். சுவரில் ஈரம் கசிகிறது என்று சொன்னாள். முறைப்பாடாக அல்ல, பகிடியாக, ‘இங்கே சுவரும் அழுகிறது ஓபா, உங்களைப் போல’ என்று.

அவள் நான் அனுப்பிய அழுகிற முகத்தை மறக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? பொய்யைப் பராமரித்தேன். மென்பொருளைப் பராமரிப்பதுபோல! தொலைபேசியில் வானிலை காட்டும் இடத்தில் சிட்னியைச் சேர்த்தேன். அவள் ‘அங்கே குளிரா?’ என்று கேட்டால் பார்த்துப் பதில் சொன்னேன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள், பரமட்டா என்றேன். விடுமுறைக்கு வரலாமா என்றாள். வேலைக்காக வெளியூர் போகிறேன் என்றேன். இரண்டு நகரத்துக்கும் நேரம் ஒன்று என்பது எவ்வளவு வசதி தெரியுமா? கணக்குப் பார்க்கத் தேவையே இல்லை.

அதே வாரங்களில்தான் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். எழுதினேன். நன்றாக எழுதினேன்! மாதுளம் தோல், அரைக் கிண்ணத் தேநீர், ரொட்டி, எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு வரி குறைவதுபோல் இருந்தது. கதவு வரியைச் சேர்த்தேன். சேர்த்தபோது தயங்கினேனா? இல்லை. தாளம் சரியாக வருகிறதா என்று இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

அம்மா மலரெல்லாம் வாசிப்பவர் இல்லை. மலர் வெளிவந்து சில வாரங்களின் பின், ஒரு சனிக்கிழமை காலையில், அம்மாவோடு டண்டினொங் சந்தைக்குப் போனேன். வழக்கமாக நான் காருக்குள்ளேயே இருந்துவிடுவேன். காரணத்தை நீங்கள் ஊகிப்பீர்கள். அன்று அம்மாவுக்குத் தோள் வலி. பைகளைத் தூக்க ஆள் வேண்டும். மீன் வாங்கினோம், முருங்கைக்காய் வாங்கினோம். பிறகு ஆப்கான்காரர்களின் ரொட்டிக் கடைக்கு அம்மா நடந்தார். அந்த ரொட்டியைச் சம்பலோடு சாப்பிடுவது அவருக்குப் புதிதாகப் பிடித்த பழக்கம்.

கடையின் மேசைக்குப் பின்னால், மாவு படிந்த ஏப்ரனோடு நிலுஃபர் நின்றாள்.

“ஓபா?”

என் கைகளில் மீன் பைகள். திரும்பி ஓட முடியாது. “ஹலோ,” என்றேன். வங்கியில் சொல்வதுபோல.

அம்மா என்னைப் பார்த்தார். “ஆர் பிள்ளை? தெரிஞ்ச ஆளோ?”

“ஒஃபிஸில... தெரிஞ்ச பிள்ளை அம்மா.”

தமிழில் சொன்னேன், அவளுக்கு விளங்காது என்று நம்பி. ஆனால் ஒஃபிஸ் என்ற சொல் அவளுக்கு விளங்கும்தானே! அவளுடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பிறகு அவள் ஒன்று செய்தாள்... அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. என்னைக் காப்பாற்றினாள்.

“சிட்னியிலிருந்து எப்போது வந்தீர்கள் ஓபா? வார இறுதிக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள், நான் வெளியே போக ஒரு கதவைத் திறந்துவைத்து.

“ஆமாம். வார இறுதிக்கு மட்டும்.” அந்தக் கதவாலும் நுழைந்து போனேன்!

அம்மா முருங்கைக்காய்ப் பையைக் கீழே வைத்தார். அவர் இந்த நாட்டில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் நன்றாக விளங்கும்.

“சிட்னியிலயிருந்தோ? ஆர் வந்தது?” என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார், “இவள் என்ரை மகள். என்னோடைதான் இருக்கிறாள். ரோவிலில.”

“ஓ,” என்றாள் நிலுஃபர். அவ்வளவுதான். ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றினாள். ஒன்று அதிகமாக வைத்தாள். “இது உங்களுக்கு, அன்ரி. உங்கள் மகள் புகாராவில் எங்கள் வீட்டில் இருந்தார். அவருக்குச் சுகமில்லாமல் இருந்தபோது என் அம்மா பார்த்துக்கொண்டார்.”

அம்மா அவளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, “நாளைக்கு வீட்ட வா பிள்ளை,” என்றார். தமிழில் சொன்னதை உணர்ந்து ஆங்கிலத்திலும் சொன்னார். முகவரியையும் தானே எழுதிக் கொடுத்தார். என்னிடம் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் பேசினார்.

“அங்க சுகமில்லாமக் கிடந்தனீ. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

“நீங்கள் பயப்பிடுவீங்கள் எண்டுதான்...”

“சரி. அந்தப் பிள்ளை இஞ்ச வாறன் எண்டு கேட்டவளோ?”

“ஓம்.”

“நீ சிட்னி எண்டு சொன்னனீ.”

“ஓம்.”

“ஏன்?”

“நீங்கள் விட மாட்டியள் எண்டு...”

“ஆர் சொன்னது? நீ என்னட்டை ஒருக்காக் கேட்டனியே?”

நான் காரை எடுத்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அம்மா சொன்னார், “விட்டிருப்பனோ தெரியாது. பொய் சொல்ல மாட்டன். விடாமலும் இருந்திருப்பன். ஆனா அது என்ரை பிழையா இருந்திருக்கும். இப்ப உன்ரை பிழைக்கு என்ரை பேரை வைச்சிருக்கிறாய்.”

இந்த வாக்குமூலத்தில் எனக்குச் சாட்சி யாராவது வேண்டுமென்றால், அம்மாவைக் கூப்பிடுங்கள். எனக்காகப் பேச மாட்டார். அது எனக்குச் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிலுஃபர் வந்தாள். ரொட்டி கொண்டு வந்தாள். அம்மா அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். நிலுஃபர் பேச்சை நிறுத்தாமலே அதை நிமிர்த்தி வைத்தாள். அவர்கள் ரொட்டியைக் குப்புற வைக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அவளிடம் படிப்பு, வேலை, கராஜ் அறை எல்லாம் கேட்டார். ஒரு தடவை எழுந்து போய் மூன்றாவது அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அது ஏன் என்று உங்களுக்குப் புரிகிறதா? எனக்குப் புரிந்தது. ஆளில்லாத அந்தக் கட்டில் அவள் இருந்த கதிரையிலிருந்தே தெரிந்தது.

“தேத்தண்ணியை ஊத்து பிள்ளை,” என்றார் அம்மா.

ஊற்றினேன். பாதிக்கோப்பை ஊற்றி நிறுத்தினேன். என் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம்போல் இருந்தது அது. நிலுஃபர் கோப்பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கடைக்குப் பிறகு முதல் முறையாக அவளுடைய கண்கள் இளகின.

“என்ன இது, அரைக் கோப்பை?” அம்மா அதட்டினார். “வந்த பிள்ளைக்கு இப்பிடியே குடுக்கிறது? நிரப்பி ஊத்து!”

நான் விளக்கியிருக்கலாம். அம்மா, அவர்கள் வழக்கத்தில் பாதி என்றால் ‘இரு’, நிறைந்தால் ‘போ’. ஒரே வாக்கியம்! ஆனால் அதைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்கு எத்தனை அரைக் கிண்ணங்கள் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிண்ணமாக, அவள் முன்னால், அம்மா முன்னால்.

கேத்தலைச் சரித்தேன். தேநீர் ஏறுவதை நாங்கள் இருவரும் பார்த்தோம். விளிம்பு வரை ஏறி, கொஞ்சம் சாசரிலும் வழிந்தது.

அது அம்மாவின் உபசாரமா, என் பதிலா? கையிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். கைக்கும் தெரியவில்லை.

நிலுஃபர் அதைக் குடித்து முடித்தாள். ஒரு துளி மிச்சமில்லாமல். எழுந்தாள். வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து, தெளிவான தமிழில் சொன்னாள்.

“போறன்.”

அம்மா துடித்துப்போனார். “ஐயோ பிள்ளை, அப்பிடிச் சொல்லக் கூடாது! போட்டு வாறன் எண்டு சொல்லோணும்!”

“தெரியும் அன்ரி,” என்றாள் ஆங்கிலத்தில். “ஓபா சொல்லித் தந்தவர்.”

பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். மன்னித்துவிடு என்று சொன்னேனா? சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பஸ் தெரு முனையில் திரும்பி வருவது தெரிந்தபோதுதான் பேசினாள்.

“என் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அம்மாவுக்கு நீங்கள் சிட்னியில்தான்.”

“ஏன்?”

“ரொட்டியைக் கழற்றி விடுவார்,” என்றாள். “கழற்றினால், என்னை இங்கே அனுப்பியதற்காக அழுவார்.”

பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அங்கிள், நீங்கள் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. ‘பாத்தியே, பக்கம் பக்கமாப் புகழ்ந்துபோட்டு, நீயே அவளை வீட்டுக்குள்ள விடேல்லை!’ ஓம். விடவில்லை. ஆனால் கதவைச் சாத்தியது யார் என்று கவனியுங்கள். உங்களைப் போல ஒருத்தி. நல்ல தமிழ் பேசுகிற, நல்ல வேலை செய்கிற, வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வருகிற ஒருத்தி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே... எங்கள் உள்ளே இருந்தது ஒரு காலி அறை.

கட்டுரையின் அந்தக் கடைசி வரியை வெட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் நிற்கட்டும்.

நீங்கள் இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுகிறேன். ஸுல்ஃபியாவால் வாசிக்க முடியாத மொழியில். ஓம், அதுவும் தெரிந்துதான். தைரியம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்!

நேற்று அவரிடமிருந்து செய்தி வந்தது. தானே சொந்தமாக ஒரு தொலைபேசி வாங்கிவிட்டாராம். ரொட்டியின் படம். அதன் கீழே, மொழிபெயர்ப்புச் செயலி செய்து கொடுத்த ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, சிட்னியில் குளிரா மகளே?

பார்த்தேன். பதில் அனுப்பினேன்.

சிட்னியில் மழை.